கனமாக இருந்தால் நல்ல ஆம்ப்ளிஃபயரா?

பெட்ரோல் பங்கில் "ஜீரோ பாத்துக்குங்க சார்" என்று சொன்னால், இவர் ஏன் இவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார் என்று சந்தேகப்படுகிற ஆள் நான். உங்களுக்குத் தெரியாததா? ஆனால் போன வாரம் அந்தச் சந்தேகம் என் மனைவியின் கச்சேரிக்கே வேட்டு வைக்கப் பார்த்தது.

வசந்தா வீணை வாசிப்பவள். போன வருடம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. கட்டுப் பிரித்து, பிசியோதெரபி முடித்து, இந்த நவராத்திரிக்கு ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு விழாவில் வாசிக்க ஒப்புக்கொண்டாள். விழுந்த பிறகு முதல் மேடை.

"அழுத்தி மீட்ட இன்னும் தெம்பு இல்லைங்க. ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் இருந்தா மெதுவா வாசிச்சாலே கேக்கும்" என்றாள்.

மலைக்கோட்டைப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் நன்றாகப் பேசினார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"ஆம்ப்ளிஃபயர்ல பல வகை சார். கிளாஸ் ஏ-ன்னா, சத்தம் வந்தாலும் வராட்டியும் உள்ள டிரான்சிஸ்டர் முழுசா வேலை பாத்துட்டே இருக்கும். சத்தம் சுத்தம், ஆனா பெட்டி கொதிக்கும். கிளாஸ் பி, ரெண்டு பேர் ஷிஃப்ட் பாக்குற மாதிரி. அலையோட மேல் பாதி ஒருத்தருக்கு, கீழ் பாதி இன்னொருத்தருக்கு. கை மாறுற இடத்துல பிசிறு தட்டும். அதுக்குத்தான் ஏபி. ஒருத்தர் கிளம்புறதுக்கு முன்னாடியே அடுத்தவர் வந்துடுவாரு."

பிறகு ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிற ஒரு ஸ்பீக்கர் பெட்டியை எடுத்து வைத்தார். "இது கிளாஸ் டி. டிரான்சிஸ்டர் ஸ்விட்ச் மாதிரி படுவேகமா ஆன் - ஆஃப் ஆகும். சூடும் கம்மி, கரண்டும் கம்மி."

தூக்கிப் பார்த்தேன். அப்பளக் கட்டு மாதிரி இருந்தது. உள்ளே என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். மனிதர் மூடியையே கழற்றிக் காட்டினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு... அவ்வளவுதான்.

"இதுதான் வீணைச் சத்தத்தைப் பெருசாக்குதா?"

"வீணையிலேர்ந்து வர்ற சிக்னல் துளியூண்டு சார். அது குழாயைத் திருகுற விரல் மாதிரி. தண்ணி, பிளக்குலேர்ந்து வர்ற கரண்ட். விரல் திருகுற அளவுக்குத் தண்ணி கொட்டும்."

அப்படியானால் நாம் கேட்பது வசந்தாவையா, மின்சார வாரியத்தையா? "யோசிச்சுட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டு நழுவினேன்.

மன்னார்புரத்தில் வேறொரு கடை. அங்கே ஒரு பெட்டியைத் தூக்கினேன் - தோள்பட்டை இறங்கியது. "நல்ல கனம் சார்" என்றதோடு கடைக்காரர் வாயை மூடிக்கொண்டார். வெண்கலப் பானையிலிருந்து மிக்ஸி வரை கையில் தூக்கிப் பார்த்து வாங்குகிற ஜனம்தானே நாம்? வாங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் வசந்தா தாழ்ந்த சுரத்துக்கு இறங்கினாள். கர்ர்ர்... என்று ஒரு இரைச்சல். மேலே போனால் இல்லை. கீழே வந்தால் மறுபடி கர்ர்ர்.

பிளக்கைச் சந்தேகப்பட்டேன். வயரை, மைக்கை, வீணையில் மெட்டுகளைப் பதித்திருக்கும் மெழுகைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். "உன் கை சரியா விழலையோ?"

அவள் வீணையைச் சுவரோரம் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

விழாவன்று காலை காபியோடு வந்தாள். "வேற யாரையாவது வாசிக்கச் சொல்லுங்க. என் கை போச்சுன்னு நினைக்கிறேன்." மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் நான் சந்தேகப்படாத ஒரே பொருள் அந்தக் கனமான பெட்டிதான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

மூலையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு. மலைக்கோட்டையில் பார்த்தேனே, அதே மாதிரி. அடியில் செங்கல் அளவுக்கு ஓர் இரும்புக் கட்டி, சும்மா கனத்துக்கு. அதன் ஸ்க்ரூ லூஸ். சுரம் தாழும்போதெல்லாம் அதுதான் அதிர்ந்திருக்கிறது.

கட்டியைக் கழற்றி வைத்துவிட்டு நானே ஒரு தந்தியை அலங்கோலமாக மீட்டினேன். இரைச்சல் இல்லை. வசந்தா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். வந்து உட்கார்ந்தாள். அடிச் சுரம் வரைக்கும் இறங்கினாள். சுத்தமாக இருந்தது.

மன்னார்புரம் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகலாமா? எந்த முகத்தோடு? அவர் பொய் ஒன்றும் சொல்லவில்லையே. நான் கனம் தேடினேன், கனம் கொடுத்தார். நிறையச் சந்தேகப்படுகிறவனை ஏமாற்றுவது சுலபம் போலிருக்கிறது... அவன் எதை நம்புவான் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

சாயங்காலம் வாசித்தாள். முன்வரிசையில் இருந்தவர்கள் தொடையில் தாளம் போட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "பிரமாதமா வாசிச்சே" என்றேன்.

வசந்தா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஸ்க்ரூ டிரைவர் எங்க வச்சீங்க? திறந்து பாத்துட்டு நம்புறேன்."