யசிந்தாவின் விரல்கள்

குருநகர்ப் பெண்கள் கல்யாண வீட்டுக்குப் போகிற நாளில் கையைப் படுத்துகிற பாட்டை நீங்கள் பார்க்கவேண்டும். அடுப்புச் சாம்பல், தேசிக்காய்த் தோல், தேங்காய்த் தும்பு எல்லாம் போட்டு, மீன் வெடுக்கு நாற்றம் போகும்வரை தேய்ப்பார்கள். நண்டுக் கொம்பனியில் ஓடு உடைத்துச் சதை எடுக்கிற யசிந்தாவும் கப்பலேறுவதற்கு முதல்நாள் அப்படித்தான் தேய்த்தாள். நண்டின் ஓடும் ஐஸ் தண்ணீரும் தின்றதுபோக விரலில் மிஞ்சியிருந்த வரியையும் அன்றைக்குத் தேய்த்தே தீர்த்துவிட்டாள், பாவம்.

தொண்ணூறாம் ஆண்டு படகேறித் தமிழ்நாட்டுக்குப் போன அக்கா அற்புதராணி அங்கே அகதி முகாமில் நெஞ்சு வருத்தத்தோடு மருந்தும் கையுமாய்க் கிடந்தாள். "ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போ பிள்ளை" என்று போனில் அழுதிருந்தாள். முகாமில் அனுமதி வாங்கித் துறைமுகத்துக்கே வருவதாகவும், பொழுதுபட முன்னம் திரும்பவேண்டும் என்றும் சொன்னாள்.

காங்கேசன்துறையில் கப்பல் புறப்பட்டதுமே பக்கத்தில் இருந்த தனுஷா, நெல்லியடிப் பிள்ளை, சட்டம் படிப்பவள், கதையைத் தொடங்கிவிட்டாள்.

"இறங்கின உடனை கைரேகை எடுப்பினம் அன்ரி. வெளிநாட்டுக்காரர் எண்டால் கள்ளரே? எடுத்ததை எத்தினை வருசம் வைச்சிருப்பினம், ஆருக்குக் குடுப்பினம், ஒண்டும் சொல்லாயினம்."

எதிரில் இருந்த புடவை வியாபாரி தேவராசாவுக்குப் பொறுக்கவில்லை. "அவையின்ரை வீடு பிள்ளை. படலை திறக்க முன்னம் ஆரெண்டு கேட்கத்தானே செய்வினம்."

"கேட்கிறது வேறை, உடம்பிலை அடையாளம் எடுக்கிறது வேறை."

யசிந்தாவுக்கு, சண்டைக் காலத்துச் சுற்றிவளைப்பில் ஊரையே பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தி, ஆமிக்காரன் அவள் விரலைப் பிடித்து மையில் அழுத்தியது நினைவுக்கு வந்தது. ஏனென்று அன்றைக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. எடுக்கட்டும், நான் களவெடுத்தனானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அக்கரையில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி இளம் பெடியன், மரியாதையான பிள்ளை. "இன்னொரு தடவை வைங்கம்மா" என்றான். வைத்தாள். துடைத்து வைத்தாள். ஈரமாக்கி வைத்தாள். மெசினில் சிவப்பு வெளிச்சம் மாறவேயில்லை.

"ரேகை விழலைம்மா. பெரியவரைக் கேட்கணும். அவர் சரின்னு சொல்லலைன்னா இதே கப்பல்ல திரும்ப வேண்டியதுதான்."

தேவராசா உட்பட எல்லோரும் போய்விட்டார்கள். தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டது அப்போதுதான் யசிந்தாவுக்கு விளங்கியது. கேளாமல் பிடுங்கிய விரலை இன்றைக்கு எடுங்கோ எடுங்கோ என்று நீட்டியும் எடுப்பாரில்லை.

தனுஷா மட்டும் போகவில்லை. "என்ரை கைரேகையை எடுக்காதேங்கோ எண்டு சண்டை பிடிக்க நினைச்சன் அன்ரி. இப்ப உங்கடையை எடுக்கேலாததுக்குச் சண்டை பிடிக்கவேண்டிக் கிடக்கு" என்றவள், பெரியவர் வந்ததும் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். அவர் பாஸ்போட் படத்தைப் பார்த்தார், வழவழத்துக் கிடந்த விரல்களைப் பார்த்தார், கடைசியில் படம் போதுமென்று கையெழுத்துப் போட்டார். வென்றது தனுஷாவின் சட்டமோ யசிந்தாவின் கண்ணீரோ, அந்தக் கர்த்தருக்குத்தான் வெளிச்சம். வெளியே வரும்போது வெயில் சரிந்துவிட்டது.

ஓட்டோவுக்குள் அக்கா ஒரு பிடியாய் ஒடுங்கியிருந்தாள். கட்டிப்பிடித்து அழுது முடிய, யசிந்தா குற்றம் செய்தவளாய்ச் சொன்னாள்.

"என்ரை விரல் விழேல்லை அக்கா. நான் ஆரெண்டு அவைக்குத் தெரியேல்லை. அதுதான் பிந்திப்போச்சு."

அற்புதராணி தங்கச்சியின் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"என்ரை விரல் எல்லாம் வடிவா விழும் பிள்ளை. வந்த நாள் துவக்கம் எடுக்கினம். ஆனா இண்டைக்கும் நான் அகதிதான். ஏறு, முகாமுக்கு நேரமாச்சு. போற வழியிலை கதைப்பம்."