பூக்கவிடாத காவலர்

பைன் காட்டின் ஏழாம் பிளாக்கில் முப்பத்தொரு வருடம் காவல் பார்த்தவரைச் சக ஊழியர்கள் 'மாப்பிள்ளை' என்று அழைத்தார்கள். பூக்கும் மாதம் வந்தால் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போவாராம். அங்கே ஊசியிலைச் சருகைத் தள்ளிக்கொண்டு தரை ஆர்க்கிட் எழும்பும்: ஒரு சாண் தண்டு, வெளிர் ஊதாப் பூ, கொஞ்சம் கர்வம். பிடுங்கி வேறெங்கே நட்டாலும் ஒரே பருவத்தில் செத்துவிடும். அதனாலேயே, திருடி விற்பவர்களுக்கு வாடிக்கை குறைவதே இல்லை.

தனியாளாகத் துரத்தி அலுத்தவருக்கு ஒரு யோசனை வந்தது. பூத்தால்தானே கண்ணில் படும்? மொட்டிலேயே நகத்தால் கிள்ளிவிட்டார். கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது. வந்த திருடர்கள் புல் என்று நினைத்துத் திரும்பினார்கள். பூவின் மேல் உயிரையே வைத்திருந்த மனிதர், நான்கு வருடம் ஒரு பூவையும் விரியவிடவில்லை.

ஐந்தாம் வருடம் சொல்லாமல் கொள்ளாமல் கணக்கெடுப்புக் குழு வந்தது. விரிந்த பூவை மட்டுமே எண்ண வேண்டும் என்பது அவர்கள் விதி. ஏழாம் பிளாக்குக்குப் பூஜ்யம் விழுந்தது. பூஜ்யம் என்றால் மரத்தை வெட்டிச் சாலை போடலாம்.

அதிகாரியிடம் ஓடினார்.

"ஐயா, செடி இருக்குதுங்க. நான்தான் மொட்டைக் கிள்ளிட்டேன்."

"யோவ், காவலுக்குப் போட்டா நீயே கிள்ளுவியா? எழுத்துல குடுத்தா முதல் கேஸ் உன் மேலதான்."

வீட்டில் மனைவி பேனாவை எடுத்து ஒளித்து வைத்தாள். "ரிட்டையராக ரெண்டு வருஷந்தான் இருக்கு. எனக்காக ஒரு நாள் லீவு போட்டதுண்டா? அந்தப் பூவுக்காக வேலையையே விடப் போறீங்களா?"

பென்சிலால் எழுதிக் கொடுத்தார்.

நம் அலுவலகங்கள் மெத்தனம் என்பது அவதூறு. ஒன்பதே நாளில் உத்தரவு வந்தது. காவலரே ஒப்புக்கொண்டபடி அரிய செடிகள் தொடர்ந்து சேதப்படுத்தப்பட்டு, தற்போது அழிந்துவிட்டபடியால், ஏழாம் பிளாக்கைப் பாதுகாக்க முகாந்திரமில்லை. அவர் பணிநீக்கம் செய்யப்படுகிறார்.

"கிழங்கு உள்ள உயிரோட இருக்குதுங்கய்யா. வேணும்னா தோண்டிக் காட்டவா?"

"தோண்டினா அது இன்னொரு கேஸ்," என்றார் அதிகாரி. மிரட்டலாக அல்ல, அக்கறையாகத்தான் சொன்னார்.

வெட்டு ஆரம்பித்த அன்று போய் நின்றார். வேலி ஓரத்தில் இருந்த புதுக் காவலர், வெளியாட்களுக்கு அனுமதியில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பினார்.