ராகு காலத்துக்கு முன் கழற்றிய வன்தட்டு

பெர்மாஸ் ஜெயாவில் என் மகளும் மருமகனும் திருமணங்களைப் படம்பிடித்துத் தரும் சிறு நிலையம் ஒன்றை நடத்துகிறார்கள். எடுக்கும் காணொளிகள் யாவும் அங்குள்ள சர்வரில், நான்கு வன்தட்டுகளில் பரவிக் கிடக்கும். ஒன்று பழுதானாலும், மற்ற மூன்றையும் கொண்டு அதிலிருந்ததைப் புதிய தட்டில் மீட்டு எழுதிவிடும் அமைப்பு அது. ஒரே நேரத்தில் இரண்டு போனால் எதுவும் மிஞ்சாது. சென்ற மாதம் இடம் போதாமல் போகவே, நான்கையும் பெரியவையாக மாற்றித்தர நானே முன்வந்தேன். கல்லூரியில் பொறியியல் பயின்று, கணினித் துறையிலேயே இருந்து ஓய்வுபெற்றவன் நான். வெளியாளை அழைப்பது இழுக்கு என்று கருதினேன்.

"செடெனாக்ல எடுத்த கல்யாணம் இன்னும் அதுலதான் இருக்குப்பா. முதல்ல எல்லாத்தையும் வெளிய ஒரு காப்பி எடுத்துக்கலாமா?" என்று மகள் கேட்டாள்.

"நான் இருக்கும்போது காப்பி எதுக்கு?" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை மருமகனின் தந்தையும் வந்துவிட்டார். சர்வருக்குக் குங்குமப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார். ராகு காலம் பிறக்குமுன் புதிய தட்டுகள் நான்கும் உள்ளே போய்விட வேண்டும் என்பது அவர் விருப்பம். ராகு காலம் பார்ப்பதை மேடைகளில் கண்டித்துப் பேசியவன் நான். ஆயினும், பெண்ணின் தகப்பன் கைவைத்ததால்தான் தொழில் நொடித்தது என்ற பேச்சு பின்னாளில் எழக் கூடாதே என்று அஞ்சி, ஒப்புக்கொண்டேன்.

முதல் தட்டை மாற்றினேன். மீட்டெழுதும் வேலை தொடங்கி, அதன் விளக்கு மஞ்சளாக மின்னியது. அது பச்சையாகும்வரை அடுத்ததைத் தொடக் கூடாது. அதற்கு மறுநாள்கூட ஆகலாம். இதை அறியாதவனல்ல நான்.

"என்ன சம்பந்தி, இன்னும் மூணு இருக்கு. அது கண்ண சிமிட்டுறத பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா எப்படி லா?"

"இதுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்."

"அலமாக்! காலேஜ் படிச்ச இஞ்சினியருக்கேவா? வேணும்னா கடைத்தெருவுல ஒரு ஆளக் கூப்பிடவா?"

அவர் சிரித்தார். நான் இரண்டாவது தட்டை உருவினேன்.

"அப்பா, வேணாம்!" என்று மகள் வாசலிலிருந்து ஓடிவந்தாள். அதற்குள் விளக்குகள் சிவந்துவிட்டன. உருவியதைத் திரும்பச் செருகினேன். சர்வர் அதை ஏற்கவில்லை. அன்று மாலை செடெனாக்கிலிருந்து மணப்பெண்ணின் தந்தை காணொளியை வாங்க வருவதாக இருந்தது. நடந்து முடிந்த திருமணத்தை யார் மறுபடி நடத்திக்காட்டுவது? மருமகன் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மகள் என்னைப் பின்னறைக்கு அழைத்துச் சென்று கதவைச் சாத்தினாள்.

"பயப்படாதீங்கப்பா. நாங்க நேத்தே எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டோம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, என்மேல நம்பிக்கை இல்லையான்னு கேட்டிருப்பீங்க."

கேட்டிருப்பேன். அந்த நொடியில் எனக்கு ஆறுதல் பிறந்திருக்க வேண்டும், பிறக்கவில்லை. நான் தவறுவேன் என்று இருவரும் கலந்து பேசி, அதற்கு ஏற்பாடும் செய்துவிட்டு, என் மனம் கோணாமல் என்னை வேலைசெய்ய விட்டிருக்கிறார்கள். காணொளிகள் அழிந்தே போயிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்க மாட்டேன்.

மாலையில் செடெனாக்காரர் வந்தார். சம்பந்தி வாயை அடக்கவில்லை. "காலையில மெஷின் மொத்தமா படுத்திருச்சுங்க! இவரு கைய வச்சாரு பாருங்க..."

மகள் குறுக்கிட்டாள். "அப்பாதான் முன்னாடியே காப்பி எடுத்து வைக்கச் சொன்னாரு, அங்கிள். அதான் தப்பிச்சோம்."

அந்த மனிதர் எழுந்துவந்து என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். "விவரம் தெரிஞ்ச பெரியவங்க கூட இருக்கணுங்கய்யா. எம்பொண்ணு கல்யாணத்தையே காப்பாத்திட்டீங்க."

செய்தது அவள் என்று சொல்ல வாயெடுத்தேன். சம்பந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லத் தலையசைத்தேன். செடெனாக்காரர் என் கைகளை விட்ட பிறகும் மகள் நின்ற பக்கம் நான் திரும்பவில்லை.