ஆகாயத்தாமரையில் மருந்து தேடிய கதை

களைச்செடியில் மருந்து தேடுகிறவனுக்கு வைத்தியம் தெரியும் என்று திருப்பூர் வட்டாரத்தில் நிலவும் நம்பிக்கையை, வருங்காலச் சந்ததியின் நலன் கருதி, முதல் வரியிலேயே மறுக்கிறேன். தெரியாது. தலைவலி வந்தால் நானும் கடையில்தான் மாத்திரை வாங்குகிறேன். எங்கள் தொழில் செடியைப் பறித்து, நிழலில் உலர்த்தி, பொடித்து, ஊற வைத்து, வடித்த சாற்றைக் கிருமிகளுக்குக் கொடுத்து, அவை சாகின்றனவா என்று பார்ப்பது. பெரும்பாலும் சாவதில்லை. ஆராய்ச்சி செய்து நொந்த அன்பர்களுக்கு இது புரியும். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

இரண்டாயிரங்களின் நடுவில், வெளிநாட்டிலிருந்து வந்து நம் மண்ணை ஆக்கிரமித்த களைகளில் மருந்துப் பொருள் தேடுவதாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன்.

கெடு

முதல் இரண்டு ஆண்டுகளில் பார்த்தீனியத்தையும் உண்ணிச்செடியையும் சோதித்தேன். பார்த்தீனியம் கிருமிகளை விட்டுவிட்டு என் முழங்கைகளைப் பதம் பார்த்தது. உண்ணிச்செடி யாரையும் ஒன்றும் செய்யவில்லை. மூன்றாவது ஆண்டுத் தொடக்கத்தில் என் வழிகாட்டிப் பேராசிரியை அழைத்தார். அவர் எப்போதும் குரலை உயர்த்த மாட்டார். அதனால்தான் எங்களுக்குப் பயம். நோட்டைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சொன்னார்:

"மார்ச்சுக்குள்ள ஒரு கிருமியாவது சாகணும். இல்லேன்னா உங்க பதிவை நான் ரத்து பண்ண வேண்டியிருக்கும்."

எருமையின் கருத்து

மிச்சமிருந்தது ஆகாயத்தாமரை. அது ஆகாயத்திலிருந்து வந்ததும் இல்லை, தாமரையும் இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து யாரோ பூவுக்கு ஆசைப்பட்டுக் கொண்டுவந்தது. அருள்புரத்தை ஒட்டி ஒரு குளத்தில் தண்ணீரே தெரியாத அளவுக்கு மூடியிருந்தது. என் அக்கா வீடும் பக்கத்தில்தான்; அங்கேதான் நானும் தங்கியிருந்தேன். மொபெட்டில் போய், முழங்கால் சேற்றில் இறங்கி, வேரோடு பிடுங்கி இரண்டு சாக்கு நிரப்பினேன்.

எருமைகளை ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். "ஏனுங் தம்பி, எத்தன உருப்படி வெச்சிருக்கீங்க?" என்றார். மாட்டுக்கு இல்லை, மருந்துக்கு என்றேன். அவர் முகத்தில் அப்படியொரு அதிர்ச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எருமையைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். எருமையின் அபிப்பிராயம் அறிவியலில் சான்றாகாது என்பதால் அவர் சொன்னதை நான் குறித்துக்கொள்ளவில்லை:

"இந்தக் கொளத்துத் தண்ணிய எங்கூட்டு எருமையே மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குதுங்க. நீங்க அதைய மனுசனுக்கா குடுக்கப் போறீங்க?"

சட்னி ஜார்

கல்லூரியில் இருந்த அரைக்கும் இயந்திரம் பழுது. உலர்ந்த செடியோ மொட்டை மாடியில் தயாராக இருந்தது. அக்கா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, வீட்டு மிக்ஸியில் இலையும் வேருமாகப் போட்டு அரைத்தேன். ஜாரை மூன்று முறை கழுவித் துடைத்து, இருந்த இடத்திலேயே கவிழ்த்தும் வைத்தேன். ஆய்வகத்தில் கூட அத்தனை சுத்தம் பார்த்ததில்லை.

மறுநாள் காலை தேங்காய்ச் சட்னி இளநீல நிறத்தில் வந்தது. அக்கா சட்னியையே பார்த்தாள். மச்சான் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார். பச்சையம் காற்றுப் பட்டால் சில சமயம் நிறம் மாறும் என்று நான் தொடங்கினேன். விளக்கத்தை முடிக்க விடாமல் அக்கா கேட்டாள்:

"சட்னி அரைக்கற ஜார்ல கொளத்துச் செடியப் போட்டு அரைச்சிருக்கறயே, உனக்கெல்லாம் எவன்டா டாக்டர் பட்டம் குடுக்கறான்?"

காலித் தட்டு

செடியின் சாற்றில் நனைத்த சின்னக் காகித வட்டுகளைக் கிருமி வளரும் கண்ணாடித் தட்டில் வைத்து, ஒருநாள் கழித்துப் பார்க்க வேண்டும். வட்டைச் சுற்றிக் கிருமி இல்லாத வளையம் தெரிந்தால் வெற்றி. ஒரு நெல்மணி அகலம் தெரிந்தாலே நாங்கள் இனிப்பு வாங்கிவிடுவோம். பிப்ரவரி மாதம் ஒரு காலையில் திறந்தேன். வளையம் இல்லை. தட்டு முழுக்கவே கிருமி இல்லை. துடைத்துக் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தது.

பக்கத்து மேஜை செல்வி எட்டிப் பார்த்தாள். தூத்துக்குடிப் பக்கம், அப்பா அம்மா இருவரும் பனியன் கம்பெனியில் வேலை பார்த்து அவளைப் படிக்க வைத்தார்கள். என் மூன்றாண்டு வரலாறு முழுவதும் அறிந்தவள். தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உண்மையான அக்கறையோடு கேட்டாள்:

"என்னண்ணே, கிருமியவே போட மறந்துட்டியளா?"

ஜன்னல் வெளிச்சம்

மறக்கவில்லை. மறுபடி செய்தேன், ஐந்து முறையும் அதே சுத்தம். பேராசிரியை முதல்முறையாகச் சிரித்தார். கட்டுரை எழுதத் தொடங்கினேன். "நீலம் கலந்த பச்சைநிறச் சாறு, நிறத்துக்குக் காரணம் பச்சையம்" என்று முதல் பத்தியில் கம்பீரமாக எழுதிவிட்டு, சாற்றுக் குப்பியை மச்சானுக்குக் காட்ட வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

மச்சானுக்குச் சாயப்பட்டறையில் ஷேடு பார்க்கும் வேலை. வாங்குகிறவர் அனுப்பும் துணித் துண்டின் நிறத்துக்கு நூலிழை பிசகாமல் சாயம் கலந்து கொடுக்க வேண்டும். வீட்டில் கத்தரிக்காய் வாங்கினாலும் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்ப்பார். குப்பியையும் அப்படித்தான் கொண்டுபோனார். பிறகு உள்ளே போய், தன் பையிலிருந்த ஷேடு அட்டையை எடுத்து வந்து, அதில் ஒட்டியிருந்த ஒரு துண்டுத் துணியைக் குப்பிக்குப் பக்கத்தில் பிடித்தார். இரண்டும் ஒரே நிறம்.

"பச்சையத்துல இந்த டோன் வராதுங்க மாப்ள. இது டர்க்காய்ஸ் சாயமுங்க," என்றார். நாலு மாதமாக அவர் பட்டறையில் அந்த நிறம் ஒரே ஒரு ஆர்டருக்குத்தான் ஓடியது. வேர்வை நாற்றம் வராத விளையாட்டுப் பனியன். அதற்காகக் கடைசியில் ஒரு மருந்துக் கரைசலில் முக்கி எடுப்பார்களாம். துணியில் கிருமியே தங்காதாம். மிச்சத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன். மச்சான் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்:

"கொளத்துக்குத்தானுங்க. மாப்ள, நீங்க கண்டுபுடிச்சது எங்க பனியனைத்தானுங்க. அக்காகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

இரண்டு தட்டுகள்

நம்ப மனம் வரவில்லை. உடுமலைப்பேட்டைக்குப் போய், சாயப்பட்டறையே இல்லாத ஓர் ஏரியிலிருந்து அதே செடியைப் பிடுங்கி வந்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லும்; அந்தப் பாடத்தை நானே மாணவர்களுக்கு நடத்தியும் இருக்கிறேன். உடுமலைச் சாறு வைத்த தட்டைத் திறந்தால், கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கு முண்டியடிப்பதுபோல் கிருமிகள் வட்டின் மேலேயே ஏறி வளர்ந்திருந்தன.

மார்ச் முதல் வாரம். இரண்டு தட்டுகளையும், சாற்றுக் குப்பியையும், மச்சானின் துணித் துண்டையும் பேராசிரியை முன் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பதிவு ரத்துக் கடிதத்துக்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டு நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. துணியைக் குப்பிக்குப் பக்கத்தில் பிடித்தபடி எழுந்து, அவரும் ஜன்னலோரம் போனார். அங்கிருந்தே திரும்பிக் கேட்டார்:

"கிருமி உங்க செடியச் சாப்பிட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க செடி ஒரு பட்டறைச் சாயத்தையே தண்ணியிலிருந்து உறிஞ்சிச் சாப்பிட்டிருக்கே, அதை ஏன் இத்தனை நாளா எங்கிட்டச் சொல்லலை?"

ஆய்வேட்டின் தலைப்பிலிருந்து 'மருந்துப் பொருட்கள்' என்பதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'சாயக்கழிவு' என்று எழுதி அனுப்பினோம். பல்கலைக்கழகம் இரண்டே வாரத்தில் ஒப்புதல் தந்தது.