டிகிரி பறிபோன பையனின் கதை

பயிற்சி அறிக்கை திருத்தும் வேலை எதையும் நம்பவிடாது. என்னைப் போலக் கல்லூரியில் காலம் தள்ளுகிறவர்களுக்கு இது தெரியும். நான் பல வருஷமாக நம்ப முடியாமல் இருப்பது, வகுப்பில் நானே சொல்லிவரும் ஒரு கதையை. முன்பு எங்கள் துறையில் அறிக்கையைக் காப்பியடித்த ஒரு பையனை வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், உட்காரவிடவில்லையாம், டிகிரியே போய்விட்டதாம். எனக்குச் சொன்னவர் எங்கள் துறைத் தலைவர், ஹெச்.ஓ.டி.

நன்றியுரை

கும்மிடிப்பூண்டி இரும்புத் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சிக்குப் போன எல்லோரும் ஒரே சூப்பர்வைசருக்கு நன்றி எழுதியிருந்தார்கள். போன் செய்து விசாரித்தேன். அவர் ரிட்டையராகிப் பல வருஷம் ஆகிறது. அப்படி எழுதியவர்களில் ஒருவனான பிரகாஷைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவரு இல்லன்னா இன்னா சார், நன்றி சொல்றது தப்பா?"

ஆதாரம்

எங்கிருந்து எடுத்தாலும் அதைக் கீழே குறிப்பிட வேண்டும் என்று ஒரு வாரம் பாடம் எடுத்தேன். அடுத்த அறிக்கையில் பக்கத்துக்குப் பக்கம் 'ஆதாரம்: இன்டர்நெட்' என்று இருந்தது. எழுதியவனிடம் இன்டர்நெட்டில் எங்கே என்றேன்.

"தேடினா வரும் சார்."

உலை

இந்த வருஷம் ஜெனிபர். அப்பா அதே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவளுக்கு வேலை ஆர்டர் வந்துவிட்டது, டிகிரி கையில் இருந்தால் சேரலாம். உலையைப் பற்றி அவள் எழுதியிருந்தது, போன வருஷத்து மாணவி எழுதியதன் அச்சு அசல். வழக்கம்போல ஓரத்தில் சிவப்பு மையில் 'நேரில் பார்த்தாயா?' என்று எழுதி அவளிடம் நீட்டினேன்.

"ஃபர்னஸாண்ட எங்கள யாரு சார் உட்டாங்க? ஹெல்மெட்ட குட்த்து கேன்டீன்ல குந்த வெச்சாங்க. அக்கா எழுதினத பாத்துதான் எழுதினேன்."

"அப்போ அந்த அக்கா பேரைக் கீழே போட்டிருக்கலாமேம்மா?"

"அக்காவும்தான் பாக்கல சார். அவங்க யாருத பாத்து எழுதினாங்களோ."

ஹெச்.ஓ.டி. அறை

திரும்ப எழுதச் சொல்லலாம் சார் என்றேன். ஹெச்.ஓ.டி. அறிக்கையை என் பக்கம் தள்ளினார். ஜெனிபர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அந்தப் பையனுக்குச் செஞ்சதுதான் இவளுக்கும். வைவா கிடையாது."

அறிக்கைகளின் ஓரத்தில் இத்தனை வருஷம் சிவப்பு மையில் எழுதிக் கை ஓய்ந்த கேள்வியை, அன்றுதான் முதல்முறையாக வாய் திறந்து கேட்டேன்: "அந்தப் பையனை நீங்க பார்த்திருக்கீங்களா சார்?"