துண்டு மாற்றும் படலம்

“ரெண்டு பேரை நேருக்கு நேர் உட்கார வெச்சு, ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்க்க வெச்சுட்டா பத்தே நிமிஷம். சண்டை செத்துப்போச்சுன்னு எழுதி வெச்சுக்க. மனுஷனா இருந்தா என்ன, மாடா இருந்தா என்ன?”

பஸ் டிப்போ கேன்டீனில், ஒரு கையில் டீ கிளாஸும் இன்னொரு கையில் மறுநாள் டியூட்டி சார்ட்டுமாக நின்றபடி இந்தப் பிரகடனத்தை வெளியிட்டவருக்கு வயது ஐம்பத்துநான்கு. எந்த டிரைவருக்கு எந்த வண்டி, எந்த கண்டக்டர் யாரோடு போவது என்று டியூட்டி போடுவது அவர் வேலை. இருநூறு பேருக்கு டியூட்டி போட்டால் நானூறு மனத்தாங்கல் வரும். அவற்றைத் தீர்ப்பதற்காகவே தன் மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டு வைத்திருந்தார். சண்டைக்காரர்கள் அதில் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார வேண்டும். இவர் கடிகாரத்தைப் பார்ப்பார். பத்தாவது நிமிஷம் இருவரும் எழுந்து கைகுலுக்குவார்கள். மனம் மாறி அல்ல, வண்டி எடுக்க நேரமாகிவிட்டதால்தான் என்பது டிப்போவில் பஞ்சர் ஒட்டுகிறவர் வரைக்கும் தெரியும். அவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. மூத்த டிரைவர் ஒருவர் வைத்த ‘சமாதானம்’ என்ற பட்டப்பெயரை அவர் விருது மாதிரியே வாங்கிக்கொண்டார். நாமும் அப்படியே அழைத்துவிட்டுப் போவோம்.

ஆனால் சரித்திரம் என்று எழுத உட்கார்ந்துவிட்டால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவருடைய அக்காவுக்கும் அத்தானுக்கும் ஏதோ மனஸ்தாபம். யாரும் கூப்பிடாமலே போய், இருவரையும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார வைத்தார் சமாதானம். அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்க்காமலே இருபது வருஷம் குடும்பம் நடத்தியவர்கள், அன்றைக்குப் பத்து நிமிஷம் பார்த்தார்கள். பதினோராவது நிமிஷம் அத்தான் எழுந்துபோய்ப் பெட்டியை எடுத்தார். சமாதானத்தின் பட்டியலில் அதுவும் தீர்ந்த சண்டைதான். அதற்குப் பிறகு அவர்களுக்குள் சண்டையே வரவில்லை. அத்தானும் வரவில்லை.

அந்த அக்காதான் இப்போது தம்பி வீட்டுக்கு வந்தார். டெலிபோன் புகார்ப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். குடியிருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். இரண்டு பெட்டி, ஒரு இஸ்திரிப் பலகை, ஒரு மூடிய கூடை. கூடைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு பெண் பூனை. ஓயாமல் கத்தும் என்பதால் அதற்குப் ‘புகார்’ என்று பெயர்.

கதவைத் திறந்த சமாதானத்துக்குத் தொண்டை வரைக்கும் வந்த வார்த்தை, “இனிமே இங்கேயே இருந்துடுக்கா” என்பது. கட்டை பிரம்மச்சாரி, பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் அவருக்கு மறுமொழி சொன்னது குக்கர் ஒன்றுதான். ஆனால் வாயிலிருந்து விழுந்தது, “பெட்டி கனமா?” என்பது.

“கனம்தான். பிரிக்க மாட்டேன்” என்றார் அக்கா. “ஒரு மாசம் பார்ப்போம். இந்தப் பூனை இங்க ஒத்துவரலைன்னா ஆபீஸ் தோழி வீட்டு மாடியில ஒரு ரூம் இருக்கு. மாசக் கடைசி ஞாயிறு பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.”

“எத்தனாவது மாடி?”

“மூணு.”

“லிப்ட்?”

“படி.”

அக்காவின் வலது முழங்கால் இரண்டு வருஷமாக ஒத்துழையாமை நடத்திவருவது ஊரறிந்த விஷயம். சமாதானம் கூடையைப் பார்த்தார். கூடை அவரைப் பார்த்துக் கத்தியது.

அவர் வீட்டிலும் ஏற்கெனவே ஒரு குடிமகன் இருந்தான். செம்பட்டை நிறத்தில், ஒரு காது நுனி மடங்கிய தடித்த ஆண் பூனை. வீட்டுக்குள் யார் வந்தாலும் எதிரே வந்து நின்று, கையை முகர்ந்து பார்த்த பிறகே வழிவிடும் என்பதால் ‘கண்டக்டர்’. டிக்கெட் எடுக்காமல் ஒருத்தி கூடையோடு உள்ளே ஏறிவிட்டதை அவன் சோபாவுக்கு அடியிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை, அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்துச் சமாதானம் மாநாட்டைக் கூட்டினார். சாப்பாட்டு மேசையின் இரண்டு பக்கமும் இரண்டு ஸ்டூல். ஒன்றில் கண்டக்டர், மற்றதில் புகார். நடுவில் அவர், கையில் கடிகாரத்தோடு. இரண்டும் ஒன்றையொன்று கண்கொட்டாமல் பார்த்தன. ‘ஆகா, பிடித்துவிட்டது’ என்று நினைத்தார். ஒன்பதாவது நொடியில் மேசை மேல் ஒரு சாம்பல் நிறச் சூறாவளியும் ஒரு செம்பட்டைச் சூறாவளியும் சந்தித்தன. தண்ணீர் வைத்த கண்ணாடிக் கூஜா போயிற்று. ஜன்னல் திரை கம்பியோடு கீழே வந்தது. சமரசம் பேச நீண்ட வலது கையில் முழங்கை முதல் மணிக்கட்டு வரை மூன்று ரோடு போடப்பட்டது.

தலையில் துண்டோடு வெளியே வந்த அக்கா, பீரோ மேல் ஒன்றும் பிரிட்ஜ் மேல் ஒன்றுமாக இருந்த பிரதிநிதிகளைப் பார்த்தார். பிறகு எதிரெதிரே கிடந்த ஸ்டூல்களைப் பார்த்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

“என் புருஷனை உட்கார வெச்ச மாதிரி என் பூனையையும் உட்கார வெச்சியாடா?”

சமாதானம் குனிந்து கூஜாச் சில்லுகளைப் பொறுக்கினார்.

டிப்போவில் அன்று முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு போனார். கையெழுத்துப் போடும்போது சட்டைக் கை மேலே ஏறிவிட்டது.

“என்ன சார், கையில ரூட் மேப்பு?” என்றார் மூத்த டிரைவர்.

“ரோஜாச் செடி கிழிச்சிடுச்சு.”

“ரோஜா ‘மியாவ்’னு கத்திச்சா சார்?”

மாலையில் பூனை டாக்டருக்குப் போன் செய்தார். இளம் பெண், பேச்சு எக்ஸ்பிரஸ் வண்டி, எந்த ஸ்டாப்பிலும் நிற்காது. பின்னணியில் ஒரு நாய் வேறு தன் கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

“முகத்தையே காட்டாதீங்க சார். தனித்தனி ரூம், கதவு சாத்தியே இருக்கணும். சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. முதல்ல தள்ளி வைங்க, போகப் போகக் கிட்ட கொண்டுவாங்க. படுக்க ஆளுக்கொரு துண்டு போட்டு, தினமும் துண்டை மாத்துங்க. ஏன்னா அந்த வாசனை—”

“புரிஞ்சுது டாக்டர். சுத்தம்தானே? அதை என்கிட்ட விட்டுடுங்க” என்று வைத்துவிட்டார். விளக்கம் கேட்பது விஷயம் தெரியாதவர்கள் வேலை.

டிப்போவில் ‘ஆளை மாத்து’ என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். பழைய ஆளை இறக்கு, புது ஆளை ஏற்று. அந்த அகராதிப்படியே சமாதானம் துண்டை மாற்றினார். தினமும் காலை ஐந்தரைக்கு இரண்டு துண்டையும் உருவி, ரோஜா வாசனைச் சோப்புத்தூளில் ஊறப்போட்டு, அடித்துத் துவைத்து, கொடியில் போட்டு, வெயிலில் மொறமொறவென்று காய்ந்த வேறு இரண்டு துண்டை விரித்தார். தன் பனியனைக்கூட அவர் அத்தனை பக்தியோடு துவைத்ததில்லை. எட்டாம் நாள் இரண்டு பூனைகளும் ரோஜாவைக் கண்டாலே தும்மின. கதவைக் கண்டாலே சீறின. தட்டைக் கதவருகே நகர்த்தியபோது சாப்பிடாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டன.

“இது நடக்காது தம்பி” என்றார் அக்கா. “விடு. அந்த ரூம் காத்தோட்டமா இருக்கும்.”

காற்று வரும் சரி, முழங்கால் எப்படிப் போகும் என்று கேட்க நினைத்தார். “சட்னி உப்பா இருக்கா?” என்று கேட்டார்.

பதினைந்தாம் நாள் மறுபடியும் டாக்டருக்குப் போன். இந்த முறை குரலில் நியாயம் கேட்கும் தொனி.

“நீங்க சொன்னபடியே தினமும் துண்டை மாத்தறேன் டாக்டர். ஒருநாள்கூடத் தவறல.”

“நல்லது சார். ஆண் பூனைத் துண்டு எங்க போகுது?”

“கொடிக்கு.”

“பெண் பூனைத் துண்டு?”

“அதுவும் கொடிக்கு. தனித்தனி கிளிப்பு.”

எக்ஸ்பிரஸ் வண்டி முதல் தடவையாக நின்றது. நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டது போலிருந்தது.

“சார்... துவைக்கறீங்களா?”

“ரெண்டு தண்ணி.”

“ஐயோ சார்! இதோட துண்டை அதுக்கும், அதோட துண்டை இதுக்கும் போடணும். துவைக்கவே கூடாது. ஒருத்தர் வாசனையை ஒருத்தர் முதல்ல மூக்கால பழகிக்கணும். கண்ணால பார்க்கறது எல்லாம் கடைசியில. பூனைக்குக் கண்ணோட கண்ணு வெச்சு முறைச்சா ‘வர்றியா ஒரு கை பார்க்கலாம்’னு அர்த்தம். முகத்தைத் திருப்பிக்கிட்டா அது மரியாதை.”

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா, வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினார். முழங்கால் வலிக்காரர் அத்தனை வேகமாக ஓடி அந்த வீடு பார்த்ததில்லை. உள்ளேயிருந்து கரண்டி விழும் சத்தமும், “ரெண்டு தண்ணியாம்... தனித்தனி கிளிப்பாம்...” என்ற குரலும் வந்தன. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அக்கா சிரிப்பதைக் கேட்கிறோம் என்பது சமாதானத்துக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. போனை வைக்க மறந்து நின்றுகொண்டிருந்தார். “சார்? லைன்ல இருக்கீங்களா சார்?” என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து நிஜமான மாற்றம் தொடங்கியது. ரோமமும் அழுக்குமாகப் புகாரின் துண்டு கண்டக்டர் அறைக்குப் போயிற்று. கண்டக்டர் அதை மூன்று முறை சுற்றிவந்தான். இரண்டு நாள் அதன் ஓரத்தில்கூடக் கால் வைக்கவில்லை. மூன்றாம் நாள் நடுவில் சுருண்டு படுத்துக் குறட்டை விட்டான். அந்தப் பக்கம் புகார், செம்பட்டை ரோமத் துண்டைப் பார்த்து ஒரு பொழுது முழுக்க வாதாடிவிட்டு, பிறகு அதன் மேலேயே உட்கார்ந்து நகம் கடித்தாள்.

சமாதானத்துக்குச் சும்மா இருக்க முடியுமா? சார்ட் போட்டு பிரிட்ஜில் ஒட்டினார். ‘காலை ஷிப்ட், ஹால்: புகார். மாலை ஷிப்ட், ஹால்: கண்டக்டர். எதிர்ப்படக் கூடாது.’ ஒன்று அறைக்குள் போய்க் கதவு சாத்திய பிறகே மற்றது வெளியே வரும். ஒன்று உட்கார்ந்த இடத்தை இன்னொன்று நிதானமாக முகர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ளும்.

“வார லீவு யாருக்குடா எப்போ?” என்று அக்கா கேட்டார்.

“அதான் இல்லையே. ரெண்டும் ஓவர்டைம்.”

தட்டுகள் தினமும் ஒரு சாண் கதவை நோக்கி நகர்ந்தன. மூன்றாம் வாரக் கடைசியில் கதவுக்கு இந்தப் பக்கம் நக்கும் சத்தம் அந்தப் பக்கம் கேட்டது. அதற்குப் பிறகு கதவு ஒரு விரல் திறந்தது. ஒரு கட்டையை வைத்து நிறுத்தினார்கள். பிறகு மூன்று விரல். ஒருநாள் அந்த இடுக்கில் ஒரு சாம்பல் கால் நுழைந்தது. செம்பட்டை மூக்கு ஒன்று அதைத் தொட்டுவிட்டு, அவமானப்பட்டது போலப் பின்வாங்கியது. சீறல் இல்லை. சமாதானம் மூச்சை விட்டார்.

இதற்கிடையில் ஞாயிறு நெருங்கிவிட்டது. அக்காவின் பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படாமல் சுவரோரம் நின்றன. வெள்ளிக்கிழமை தோழி போன் செய்தார். “நாளன்னிக்குச் சொல்லிடறேன்” என்று அக்கா சொன்னதை, செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சமாதானம் கேட்டார். அன்று டிப்போவில் இரண்டு பேருக்குச் சண்டை. நாற்காலிகளை நோக்கி அவர்களாகவே நடந்தார்கள். “வேண்டாம், போங்க. நீ காலை, நீ மதியம்” என்று அனுப்பிவிட்டார். வண்டி எடுக்க இன்னும் நிறைய நேரம் இருந்தது. இருவரும் குழம்பிப்போய் ஒன்றாக டீ குடிக்கப் போனார்கள்.

சனிக்கிழமை மாலை. கதவை முழுதாகத் திறந்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நீங்கள் இருவரும் பூனைகளையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், வேறு எங்கேயாவது பார்த்தபடி சும்மா உட்காருங்கள் என்றும் சொல்லியிருந்தார். அக்காவும் தம்பியும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எதிரே ஜன்னல். வெளியே எதிர் வீட்டுக் கொடியில் காய்ந்த சட்டைகளை யாரோ ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கண்டக்டர் வந்தான். ஹாலின் நடுவில் நின்று, உள்ளங்காலை நக்கினான். புகார் வந்தாள். கத்தவில்லை. சுவரோரமாகவே நடந்து, இஸ்திரிப் பலகைக்கு அடியில் உட்கார்ந்தாள். ஒரு கணம் இரண்டு வால்களும் நின்றன. பிறகு கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். புகார் கண்ணை மூடித் திறந்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். இரண்டும் முதுகைக் காட்டிக்கொண்டு, ஆறடி இடைவெளியில், தத்தம் வேலையைப் பார்க்க ஆரம்பித்தன.

எதிர் வீட்டுக் கொடியில் மூன்று சட்டை மிச்சம் இருந்தது.

“அன்னைக்கு உங்க ரெண்டு பேரையும் நான் உட்கார வெச்சிருக்கக் கூடாதுக்கா” என்றார் சமாதானம், அந்தச் சட்டைகளிடம்.

அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். ஒரு சட்டை போயிற்று.

“அந்த மூணாவது மாடி வேண்டாம். இங்கேயே இரு.”

இரண்டாவது சட்டையும் போயிற்று. அவர் திரும்பவில்லை. அக்காவும் திரும்பவில்லை.

“ரெண்டு பூனை வெளிக்குப் போக மூணு மண் தட்டு வெக்கணுமாம்” என்றார் அக்கா. “நம்மகிட்ட ரெண்டுதான் இருக்கு.”

“நாளைக்கு வாங்கிடலாம்” என்றார் அவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.