ஒரு சொட்டு மஞ்சள்

சுவரைத் தட்டிப் பார்த்த பிறகுதான் பெயின்டர் வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்வார். விரல் முட்டியால் இரண்டு தட்டு, உள்ளங்கையால் ஒரு தடவல். பிறகு கன்னத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நீளவாக்கில் ஒரு பார்வை. மேடு பள்ளம் அத்தனையும் அதில் சிக்கிவிடும். "நல்ல மனுஷன்தான். ஜலதோஷம் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்" என்பார். சொன்னது சுவரின் ஈரக்கசிவைப் பற்றி என்று புரிவதற்குள் வீட்டுக்காரர் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

ஊரில் அந்த பெயின்டருக்கு 'ஒருசொட்டு' என்று பெயர். வாளி நிறைய வெள்ளையை ஊற்றி, சாயக்குப்பியைக் கவிழ்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விடுவார். பக்கத்தில் நின்று யாராவது "இன்னும் கொஞ்சம் விடலாமே" என்று வாயைத் திறந்தால் போச்சு. "ஒரு சொட்டு குறைஞ்சா உங்க கூடம் ஆஸ்பத்திரி, ஒரு சொட்டு கூடினா பள்ளிக்கூடம். உங்களுக்கு வீடு வேணுமா, வேணாமா?" கடைக்காரர் தரும் வண்ண அட்டையை அவர் சட்டை செய்ததே கிடையாது. "அட்டையில இருக்கறது அட்டைக்கு. சுவருக்கு வேண்டியது என் கண்ணுல இருக்கு."

அவர் காலமாகி ஏழு மாதம் ஆகிறது. இன்றைக்கும் புது பெயின்டர் யாராவது குப்பியைத் தாராளமாகக் கவிழ்த்தால், "ஒருசொட்டு இருந்திருந்தா உன்னை ஏணியோட வெளிய தள்ளியிருப்பாரு" என்கிறார்கள். அவர் மனைவி காதில் அது விழும்போதெல்லாம் முதலில் சிரிப்புதான் வருகிறது. அழுகை பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்கிறது.

காலை ஆறு மணிக்கு ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்புவார். கிளம்புமுன் நேற்றைய செய்தித்தாளில் ஒரு தொப்பி மடித்தாக வேண்டும். அதிலும் ஒரு முறை உண்டு. கெட்ட செய்தி வெளிப்பக்கம், நல்ல செய்தி உள்பக்கம். "தலைக்குள்ள இறங்கறது நல்லதா இருக்கட்டுமே." சில நாள் பக்கம் பக்கமாகப் புரட்டியும் நல்ல செய்தி அகப்படாது. அன்றைக்கு வேலைக்குத் தாமதமாகும்.

சொந்த வீட்டுக்கு அவர் வண்ணம் வாங்கியதே இல்லை. எல்லாம் ஊரார் வீட்டு வாளிகளில் மிஞ்சியது. சமையலறைக்கு வங்கி மேலாளரின் ரோஜா நிறம், கூடத்தில் ஒரு பாதி பல் டாக்டரின் பச்சை, மறுபாதி தபால் நிலையத்தின் சாம்பல். "அம்மா, என் பை எங்க?" என்று மகள் கத்தினால், "பல் டாக்டர் பக்கத்துல பாரு" என்று பதில் வரும். வீட்டுக்கு வந்த மகளின் தோழி ஒருத்தி, இவர்களுக்கு ஊர் முழுக்கச் சொந்தக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டரை மணிக்கு எந்தத் தெருவில் வேலை நடந்தாலும் மனைவி அங்கே சாப்பாட்டுடன் போய் நிற்பாள். சாப்பிட்டதும் அவர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு, வெறுந்தரையில் இருபது நிமிடம் தூங்குவார். அலாரம் வைத்ததுபோல எழுந்து இரண்டாவது பூச்சை ஆரம்பிப்பார்.

அப்படி ஒரு நாள் தலைமையாசிரியை வீட்டில்தான் அது நடந்தது. அந்த அம்மாள் கேட்டது கிரீம் நிறம். மனைவி உள்ளே நுழைந்தபோது அவர் இடுப்பில் கைவைத்து நின்று, தான் அடித்த சுவரைத் தானே ரசித்துக்கொண்டிருந்தார்.

"பாரு, வெண்ணெய் மாதிரி இல்ல?"

அவள் பார்த்தாள். வெண்ணெயாவது ஒன்றாவது! சுவர் வெள்ளை வெளேரென்று, மருத்துவமனையிலேயே பிரசவ வார்டுபோல இருந்தது.

"எத்தனை சொட்டு விட்டீங்க?"

"விடவே வேணாம்னு தோணுச்சு. இந்தத் தடவை வாளியிலேயே கிரீமா வந்திருக்கு. கம்பெனிக்காரனுக்குப் புத்தி வந்துடுச்சு."

ஒரு மாதமாக அவர் பகலிலேயே விளக்கைப் போடச் சொல்லிச் சாப்பிடுவதும், மகள் வெள்ளைச் சட்டையில் வந்தால் "இந்த மஞ்சள் உனக்கு எடுப்பா இருக்கு" என்பதும் அவளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அவர் கண்ணுக்கு வெள்ளை எல்லாம் கிரீமாகிவிட்டது. சொல்ல வாயெடுத்தாள். அவர் சுவரைப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது. பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்த மனிதரிடம், உங்கள் கண் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? அவர் தொப்பியைக் கவிழ்த்துத் தூங்கியதும் மஞ்சள் குப்பியை எடுத்து, வாளியில் பன்னிரண்டு சொட்டு விட்டுக் கலக்கினாள். அவர் எழுந்து எந்த வித்தியாசமும் தெரியாமல் இரண்டாவது பூச்சு அடித்தார். மாலையில் வந்த தலைமையாசிரியை, "அப்படியே நான் நினைச்ச கிரீம்!" என்றாள்.

"கண்ணு யாருது?" என்று அவர் மீசையைத் தடவினார்.

அன்றிலிருந்து அவள் சாப்பாட்டுப் பையில் ஒரு குப்பி மஞ்சள் நிரந்தரமாகக் குடியேறியது. கூட்டுச் சதியில் மகளும் சேர்ந்தாள். ஒருமுறை அவர் பாதித் தூக்கத்தில் தொப்பியை நகர்த்திவிட்டார்.

"வாளியில என்ன பண்றே?"

"தூசி விழுந்துடுச்சு, எடுக்கறேன்."

"தூசி எடுக்க இவ்வளவு நேரமா?"

"பெரிய தூசிங்க."

மகள் வாசலுக்கு ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். வீடு திரும்பும் வழியில் அம்மாவைச் சீண்டினாள். "இப்ப ஊருக்கு பெயின்டர் நீதான். அப்பா உன்கிட்ட வேலை பாக்கறாரு. சம்பளத்தை ஏத்திக் குடு."

"வாயை மூடுடி. அவர் காதுல விழுந்துடப் போகுது."

"பேசாம சொல்லிடேன்மா. கண்புரைக்கு ஆபரேஷன் பண்ணிக்கலாம்ல?"

"ஜாடையா நாலு தடவை சொல்லிட்டேன். 'என் கண்ணுக்கு என்ன கேடு?'ன்னு சண்டைக்கு வராரு. அந்தக் கண்ணை நம்பித்தான் நெஞ்சை நிமிர்த்தி நடக்கறாரு. அதைப் பிடுங்கிட்டு வெறும் மனுஷனை நான் என்ன பண்ணுவேன்?"

மூன்று வருஷம் இப்படி ஓடியது. நடுவில் ஒரு வீட்டில் மின்விசைப் பலகையையும் சேர்த்து வழித்து அடித்துவிட்டார். இன்னொரு வீட்டில் கொக்கியில் தொங்கிய மழைக்கோட்டுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்து, "பெரிய மனுஷங்க, பதில் வணக்கம் சொன்னா குறைஞ்சா போயிடுவாங்க?" என்று இரவுச் சாப்பாடு முடியும்வரை பொருமினார்.

கடைசியில் அவரை மடக்கியது ஊருக்குப் புதிதாக வந்த கண் டாக்டர். நல்ல துடியான இளைஞர். மருத்துவமனைக்கு வண்ணம் அடிப்பது பற்றிப் பேசத்தான் அழைத்தார். இவர் வழக்கம்போல் சுவரைத் தட்டித் தடவிவிட்டு, வணக்கத்தை டாக்டருக்குப் பதில் அங்கிருந்த எலும்புக்கூட்டுப் படத்துக்குச் சொன்னார்.

"அண்ணே, என் சுவரை அப்புறம் பாக்கலாம். முதல்ல உங்க கண்ணைப் பாக்கணும்."

"கண் ஆஸ்பத்திரிக்காரர் கண்ணைத்தான் பாப்பீங்க. நான் சுவரைப் பாக்க வந்தவன்."

"கண்ணைக் காட்டினாத்தான் சுவரைத் தருவேன்."

ஆறு அறை, ஒரு கூடம், நீளமான நடை. அத்தனை சுவர் மேல் இருந்த ஆசை அவரைப் படுக்கவைத்துவிட்டது. இரண்டு மாத இடைவெளியில் இரண்டு கண்களுக்கும் அறுவை சிகிச்சை முடிந்தது.

கட்டுப் பிரித்த அன்று தெருவில் அவர் நடக்கவில்லை, துள்ளினார். "ஏம்மா, வானம் இவ்வளவு நீலமா? யாரு கலந்தது?" என்றார். மனைவியை நிறுத்திப் பார்த்து, "உனக்கு எப்ப நரைச்சுது?" என்று கேட்டார். "நீங்க மழைக்கோட்டுக்கு வணக்கம் சொன்னப்ப" என்றாள். வீட்டுக்குள் கால் வைத்ததும் அலறிவிட்டார். சமீபத்திய மிச்சங்களைக் கலந்து படுக்கையறைக்கு அடித்திருந்தது கத்தரிப்பூ நிறத்தில் கண்ணைக் குத்தியது. "இதுக்குள்ளயா இத்தனை நாள் தூங்கினேன்? ஒருத்தராவது சொல்லக் கூடாது?" மகள் தரையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள் ஊரைச் சுற்றிவந்தார். தலைமையாசிரியை வீடு, பேக்கரி, நூலகம் என்று மூன்று வருஷத்து கிரீம் சுவர்களையெல்லாம் தட்டித் தடவிப் பார்த்துவிட்டு நிலைகொள்ளாமல் திரும்பினார். "கண்ணு மங்கினப்பவே எப்படி அடிச்சிருக்கேன் பாத்தியா? ஒரு சொட்டு பிசகல! கண்ணு மறந்தாலும் கணக்கு மறக்கலடி!"

"ஆமாங்க" என்றாள் அவள்.

கண் மருத்துவமனை வேலை தொடங்கியது. ஜன்னல்களுக்குத் தாள் ஒட்டியிருந்ததால் கூடம் அரை இருட்டாக இருந்தது. புதுக் கண்ணோடு அவர் கச்சிதமாகக் கிரீம் கலந்து முதல் பூச்சை முடித்தார். சாப்பிட்டார், தொப்பியைக் கவிழ்த்தார், தூங்கினார். அவள் பாத்திரத்தை எடுத்துவைத்தாள், பைக்குள் கைவிட்டாள், குப்பியைத் திறந்தாள், பன்னிரண்டு சொட்டு விட்டாள், கலக்கினாள், மூடினாள். மூன்று வருஷப் பழக்கம். கை தன் வேலையைச் செய்து முடித்த பிறகுதான் புத்தி விழித்தது. அதற்குள் அவரும் விழித்துவிட்டார்.

ரோலர் இரண்டு முறை ஏறி இறங்கியது. அப்படியே நின்றுவிட்டது. அவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். மறு கண்ணைப் பொத்திப் பார்த்தார். ஜன்னல் தாளைக் கிழித்துவிட்டு வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு டாக்டரை அழைத்து, யார் காதிலும் விழாத குரலில் சொன்னார்.

"டாக்டர், நான் கலந்தது கிரீம். எனக்குத் தெரியறது மஞ்சள். கண்ணு மறுபடியும் போச்சு."

டாக்டர் சுவரைப் பார்த்தார். "எனக்கும் மஞ்சளாத்தான் தெரியுது அண்ணே."

"ஐயோ, உங்களுக்கும் போச்சா?"

டாக்டர் சிரித்துவிட்டார். விளக்கடித்து இரண்டு கண்களையும் பார்த்தார். கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றார். அதைக் கேட்டு அவர் இன்னும் ஒடுங்கிப்போனார். கவிழ்த்துவைத்த வாளிமேல் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப கண்ணு இல்ல, கணக்குதான் போயிடுச்சு. கண்ணு போனா நீங்க தைப்பீங்க. கணக்கு போனா யாரு தைக்கறது? இந்தச் சுவரை வேற ஆள வச்சு முடிச்சுக்குங்க டாக்டர். நான் இனி ரோலரைத் தொடறதில்ல."

முப்பது வருஷமாக ஏணி தூக்கிக் காய்த்துப்போன தோள் இரண்டும் முன்பக்கம் தொங்கிவிட்டன. அவள் அதைப் பார்த்தாள். சொன்னால் மூன்று வருஷப் பெருமை போகும், சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவார்.

"நான்தாங்க ஊத்தினேன்."

"எதை?"

"மஞ்சளை. நீங்க தூங்கறப்ப."

"இன்னிக்கா?"

"மூணு வருஷமா."

டாக்டர் நைசாக உள்ளே நழுவினார். கணவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைமையாசிரியை வீடு?"

"நான்."

"பேக்கரி?"

"நான்."

"நூலகம்? நூலகம் நல்லா வந்திருக்கே!"

"அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். அது நம்ம பொண்ணு."

அவர் உதடு ஒருமுறை துடித்தது. திட்டப் போகிறாரா, சிரிக்கப் போகிறாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கையைக் கொண்டா."

அவள் தயங்கித் தயங்கி வலது கையை நீட்டினாள். ஐந்து நகக்கண்களிலும் எத்தனை தேய்த்தும் போகாத மஞ்சள். அந்தக் கையைத் தினமும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டவர், இப்போதுதான் பார்ப்பவர்போல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு துணியில் கொஞ்சம் தின்னர் நனைத்து, கண்ணாடி ஜன்னல் ஓரத்தைத் துடைக்கும் பதவிசோடு, கட்டைவிரலிலிருந்து ஒவ்வொரு நகமாகத் துடைக்கத் தொடங்கினார்.